தோய்க்கிற கதையும் காய்கிற கதையும்

எண்பதுகளில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நகரத்தில் வந்திறங்கி, இப்போது ஐம்பதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிற உங்களுக்கு லோண்டரி என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் தோய்க்கிற மெஷின் இல்லாத காலம். கிழமைக்கு ஒரு தடவை, நீலக் கட்டம் போட்ட பெரிய பைக்குள் வீட்டு உடுப்பு முழுவதையும் அடைத்து, ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவோம். காசு போட்டால் ஓடுகிற மெஷினில் தோய்த்து, இன்னொரு மெஷினில் காய வைத்து, அங்கேயே மடித்துக்கொண்டு திரும்புவோம்.

எங்கள் லோண்டரி வெம்பிளியில், ஓர் இறைச்சிக் கடைக்கும் எப்போதும் பூட்டியே கிடந்த ஒரு தையல் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே போனதும் முதலில் மூக்குக் கண்ணாடியில் நீராவி படியும். சவர்க்காரத் தூளின் மணமும் சூடேறிய பருத்தியின் மணமும் கலந்து வரும். நீளமான ஒரு மர வாங்கு. அதன் ஒரு கால் கட்டை என்பதால் நடுவில் யாராவது எழுந்தால் ஓரத்தில் இருப்பவர் ஆடுவார். இப்போது அந்த இடத்தில் கைப்பேசி திருத்துகிற கடை இருக்கிறது. போன வருடம் உள்ளே போய் நின்று பார்த்தேன். எந்த மணமும் இல்லை.

நான் சொல்ல வந்தது 1987 கார்த்திகைக்கும் 1988 வைகாசிக்கும் இடைப்பட்ட மாதங்களைப் பற்றி. அந்த ஆண்டுப் பள்ளிக்கூட நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. புதன்கிழமைகளில் எல்லாம் இரண்டே சொற்கள்: 'லோண்டரி, மாமா'. எந்த நாளில் மழை பெய்தது, எந்த மெஷின் பழுது என்றுகூட ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். மாமா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. என்னைப் போலத் தேதிகளைச் சேகரிப்பவர்களுக்கு இப்படி நடப்பது புதிதல்ல.

மாமா என்றது அம்மாவின் தம்பியை. அந்தக் கோடையில் வந்து சேர்ந்தவர். வயது இருபத்தாறு. ஊரில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, அலுவலகத்தில் இருந்து நேர்காணலுக்குக் கடிதம் வரும்வரை எங்கள் முன்னறைச் சோபாவில் இருந்தார். அந்த நேர்காணலில் தேறினால் இங்கே தங்கலாம், தேறாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதுவே போதுமானதாகவும் இருந்தது. அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு திரிவார். கை நீளம் என்பதால் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும். 'மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நீ கூடப் போ' என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். 'பிள்ளை தனியப் போக ஏலாது, நீ கூடப் போ' என்று அவரிடம் சொல்லியிருந்தார். இருவரும் மற்றவரைக் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டு நடப்போம். எனக்கு அப்போது பத்து வயது முடிந்து பதினொன்று.

முதல் புதன்கிழமை. உடுப்பு மெஷினுக்குள் சுற்றத் தொடங்கியதும் மாமா கொக்கும் நண்டும் கதையைத் தொடங்கினார். குளம் வற்றப் போகிறது, வேறு குளத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று மீன்களை ஏமாற்றி, ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்ப் பாறையில் வைத்துத் தின்ற கொக்கு. கடைசியில் அதன் கழுத்தை இறுக்கிய நண்டு. உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படமே கீறியிருந்தேன்.

"எனக்குத் தெரியும் மாமா. உது சின்னப்பிள்ளையளின்ரை கதை."

"உனக்கு என்ன தெரியும்?"

முழுவதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அதற்குள் மெஷின் நின்றுவிட்டது. ஈர உடுப்பைக் காய்கிற மெஷினுக்கு மாற்றினோம். கதவைச் சாத்திவிட்டு வந்து வாங்கில் குந்தினார்.

"நீ சொன்னது நண்டு சொன்ன கதை. அது வெண்டுபோட்டு வந்தது, தனக்குத் தோதாச் சொல்லும். கொக்கு என்ன சொல்லிச்செண்டு ஆரும் கேட்டவையோ?"

"கொக்குச் செத்துப்போச்சே."

"சாகமுந்திச் சொன்னது."

அன்று காய்கிற மெஷின் நிற்கும்வரை கொக்கின் வாயால் கேட்டேன். கொக்குக்கு வயது போய்விட்டது, கண் மங்கி மீன் பிடிக்க முடியவில்லை. குளம் வற்றும் என்று அது சொன்னது பொய்யல்ல, அது அப்படித்தான் நம்பியது. முதல் மீன் தானாக வந்து, என்னைக் கொண்டுபோ என்று கெஞ்சியது. வழியில் வெயில். பாறையில் இளைப்பாற இறங்கியபோது மீனுக்கு மூச்சு நின்றுவிட்டது. செத்ததைத் தின்றது. இரண்டாவது மீனுக்கு மூச்சு நிற்கும்வரை காத்திருந்தது. மூன்றாவதுக்குக் காத்திருக்கவில்லை. மாமா அதைச் சொன்ன குரலில் கெட்டவன் யாருமே இல்லை. அதனால் எனக்குப் பயமாக இருந்தது.

அதிலிருந்து அதுவே எங்கள் முறையாகிவிட்டது. ஒரே கதை. எல்லோருக்கும் தெரிந்த மாதிரிச் சொல்வது தோய்க்கிற கதை. வேறு யாருடைய வாயாலாவது சொல்வது காய்கிற கதை. அடுத்த கிழமை பாறை சொன்னது. அதற்கு அடுத்த கிழமை, கொக்கோடு வரமாட்டேன் என்று குளத்திலேயே நின்றுவிட்ட ஒரு மீன் சொன்னது. அந்த வருடம் மழை பெய்தது. குளம் வற்றவே இல்லை. நின்ற மீன் தனியாக அவ்வளவு தண்ணீருக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. பாறை சொல்கிறபோது, குளத்தில் மீன்கள் எத்தனை இருந்தன என்று ஒருமுறை கேட்டேன்.

"பாறை குளத்தைக் கண்டதோ?"

"இல்லை."

"பிறகு? காணாததைப் பாறை சொல்லாது. தன்ரை தலையிலை விழுந்த முள்ளைத்தான் அது எண்ணும்."

ஒவ்வொருவரும் தாம் கண்ட பங்கை மட்டுமே சொல்லலாம். முழுக் கதை யாரிடமும் கிடையாது. பிற்காலத்தில் கதை சொல்லும் முறைகளைப் பற்றிக் கனமான புத்தகங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக எதிலும் கண்டதில்லை.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் வகுப்பு ரீச்சர், உங்கள் வீட்டுக் கதை ஒன்றை வேறொருவரின் கண்ணால் எழுதுங்கள் என்றார். மற்றப் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பாறையின் கதையை எழுதினேன். ரீச்சர் அதற்குத் தங்க நட்சத்திரம் ஒட்டி, சுவரில் மாட்டினார். பெற்றோர் சந்திப்புக்கு வந்த அப்பா அதைக் கண்ணாடியை ஏற்றி வாசித்தார்.

"கல்லு கதைக்குமோ பிள்ளை?" என்று சிரித்தார். "உன்ரை மாமன் சைக்கிளோடையும் கதைக்கிறவன். நீ அவனைப் பழகாதை."

அதே மாதம் நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. போவதற்கு முன் நடந்ததை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு அப்பா குசினி மேசையில் கடதாசியை விரித்தார். அவர் கொழும்பில் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். கடிதம் என்றால் அவருக்குக் கை பரபரக்கும். மாமா தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் எழுதுவது என்று ஏற்பாடு.

"அப்ப மாம்பழக் காலம், அத்தான். நானும் என்ரை கூட்டாளியும் மில்லுக்கு மிளகாய் இடிக்கப் போனனாங்கள். மில்காரன் அண்டைக்கு..."

"மில்காரனை விடு. தேதியைச் சொல்லு."

"தேதி... கோயில் கொடி இறங்கின வெள்ளிக்குப் பிறகு வந்த..."

"இஞ்சை பார் தம்பி. விசாரிக்கிற வெள்ளைக்காரனுக்குக் கொடியும் தெரியாது, மாம்பழமும் தெரியாது. எத்தினை பேரைப் பிடிச்சவங்கள், எங்கை வைச்சவங்கள், எத்தினை நாள், என்ன செய்தவங்கள். அதைச் சொல்லு. மிச்சம் உன்ரை கதைச் சேட்டை."

"இஞ்சேருங்கோ, அவன் தன்ரை பாட்டிலை சொல்லட்டுமன்" என்றார் அம்மா, கோப்பை கழுவியபடி.

"இவன்ரை பாட்டிலை விட்டால் பிளேனிலை ஏத்தித்தான் விடுவாங்கள்."

ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. மில்லுக்குப் போன இடத்தில் ராணுவம் சுற்றி வளைத்தது. மாமாவையும் அவருடைய கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஒன்பது நாள் வைத்து அடித்தார்கள். மாமாவை விட்டார்கள். கூட்டாளியை விடவில்லை. அப்பா அதை வாசித்துக் காட்டிவிட்டு, பேனாவை மூடி, நல்லாயிருக்கு என்று தானே சொன்னார். மாமா கையெழுத்து வைத்தார்.

அடுத்த புதன்கிழமை மெஷினில் உடுப்பைப் போட்டதும் நான்தான் கேட்டேன்.

"மாமா, உங்கடை கதையைச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அப்பா எழுதியதை அப்படியே. மில், வளைப்பு, ஒன்பது நாள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது தோய்க்கிற கதை. காய்கிற கதையை ஆர் சொல்லுவினம்?"

நான் பகிடியாகக் கேட்கவில்லை. நாங்கள் அப்படித்தான் செய்வோம், அதனால் கேட்டேன். உடுப்பை மாற்றினோம். அம்மாவின் சிவப்புச் சீலை காய்கிற மெஷினின் கண்ணாடிக்குள் வருவதும் போவதுமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மாமா, "நாய் சொல்லும்" என்றார்.

"என்ன நாய்?"

"மணி. என்ரை கூட்டாளியின்ரை நாய்."

பிறகு மணியின் வாயால் சொன்னார். மணி காலையில் இருந்து அவனைத் தேடுகிறது. அவன் வீட்டில் இல்லை. மிளகாய் மணம் பிடித்து மில்லடிக்கு வருகிறது. அங்கே மனிதர்கள் சுவரோரமாக வரிசையாக நிற்கிறார்கள். சப்பாத்துப் போட்டவர்கள், இந்த ஒழுங்கைக்குள், இந்தச் சந்துக்குள், குடியிருப்பவன் யார் என்று கேட்கிறார்கள். எல்லோரும், நாங்கள் பக்கத்து ஊர், மில்லுக்கு வந்தோம் என்கிறார்கள். இதெல்லாம் மணிக்கு விளங்காது. மணிக்குத் தெரிந்தது இரண்டு ஆள்கள். முதலில் நிற்பவனிடம் போகிறது. தினமும் பாணில் ஒரு துண்டு போடுகிறவன். அவன் காலால் உதைக்கிறான். மணிக்கு நோகிறது. ஏன் என்று தெரியவில்லை. அடுத்தவனிடம் போகிறது. அவன் உதைக்கவில்லை. அவன் கை தன்பாட்டில் கீழே வந்து மணியின் தலையில் நிற்கிறது.

"பிறகு?"

"பிறகு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

காய்கிற மெஷின் நின்றது. நாங்கள் இருவரும் எழும்பவில்லை. ஒரு வயதான ஐரிஷ்காரி வந்து, எங்கள் உடுப்பைத் தானே எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுத் தன்னுடையதைப் போட்டாள். மாமா அன்று மடிக்கவும் இல்லை. எல்லாவற்றையும் அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு வந்தோம். அம்மா ஏசினார்.

நேர்காணல் மாசி மாதத்தில் நடந்தது. அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்ன நடந்தது என்பதைப் பின்னால் வந்த கடிதத்தை வைத்தும், மாமாவிடம் அப்பா போட்ட குறுக்கு விசாரணையை வைத்தும்தான் எழுதுகிறேன். உன்னை விட்டவர்கள் உன் கூட்டாளியை ஏன் விடவில்லை என்று அதிகாரி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்கான விடை அப்பா எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. மாமா நாயைச் சொன்னார். நாய் அவனிடம் போனதால் அவனை அந்த ஒழுங்கை ஆள் என்று பிடித்துக்கொண்டார்கள், என்னை வெளியூரான் என்று பிறகு விட்டார்கள் என்றார். தான் உதைத்ததைச் சொல்லவில்லை.

பங்குனியில் கடிதம் வந்தது. அப்பா குசினியில் நின்றபடி வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். உங்கள் விண்ணப்பத்தை மறுக்க எண்ணியிருக்கிறோம். நீங்கள் எழுதிக் கொடுத்ததில் நாய் எதுவும் இல்லை. நேர்காணலில் ஒரு கேள்விக்கு அது கூட்டாளியின் நாய் என்கிறீர்கள். இன்னொரு கேள்விக்கு, ஒழுங்கையில் எல்லோரும் சோறு போட்ட நாய் என்கிறீர்கள். சம்பவத்தை ஒருமுறை மில்லில் இருந்து தொடங்குகிறீர்கள், ஒருமுறை நாய் வீட்டை விட்டு வெளிக்கிட்டதில் இருந்து தொடங்குகிறீர்கள். நீங்கள் கண்டிருக்க முடியாததைச் சொல்கிறீர்கள். ஆகவே உங்கள் கூற்றை நம்புவதற்கில்லை. விளக்கம் கொடுக்க இன்னொரு நேர்காணல் தரப்படும்.

"நாயை ஏன்டா அங்கை கொண்டு போனனி?"

"அது அங்கை நிண்டது, அத்தான்."

"நிண்டால்? நாயைக் கேட்டவனோ? ஒரு வார்த்தை எனக்குச் சொன்னனியோ? இவ்வளவு நாளும் இல்லாத நாய் எங்கையிருந்து வந்தது?"

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கதவோரத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சப்பாத்தைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்தது அன்றுதான். நாயைக் கேட்டது நான் என்று இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள்.

பாறை பேசினால் நட்சத்திரம் ஒட்டுகிற ஊரில்தான் நாயைச் சொன்னதற்கு இந்தக் கடிதமும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது கிழமை. அப்போது எனக்கு இதில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. பிழை விட்டுவிட்டோம், திருத்த வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

இலவசமாக வழக்குப் பார்த்த வக்கீல் அம்மா ஒருத்தி, இனிமேல் ஒரு சொல்லும் மாறக்கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். அப்பா புதிதாக இரண்டு பக்கம் தமிழிலும் எழுதினார். நாய் வந்துவிட்டது, இனி அதை எடுக்க முடியாது. ஆனால் எப்படி வர வேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். 'ஒரு மண்ணிற நாய் அங்கு நின்றது. அது யாருடைய நாயும் அல்ல. ஒழுங்கையில் உள்ள எல்லோரும் அதற்கு உணவு கொடுப்பார்கள்.'

"அது அவன்ரை நாய், அத்தான்."

"அவன்ரை எண்டால் பேர் என்ன எண்டு கேப்பான். பேரைச் சொன்னால் எப்ப வாங்கினது எண்டு கேப்பான். நாய்க்குப் பேர் வேண்டாம்."

தேதி ஒன்றும் தேவைப்பட்டது. அப்பாவுக்கு வேலை இருந்ததால் அதை நான் எடுத்துக்கொண்டேன். ஊரில் இருந்து வந்த பழைய பஞ்சாங்கம் ஒன்று சாமித் தட்டில் கிடந்தது. கொடி இறங்கின வெள்ளி, அதற்குப் பிறகு நிலவு எப்படி இருந்தது, மில் பூட்டுகிற நாள் எது என்று மாமாவைக் கேட்டுக் கேட்டு, இரண்டு மாலை இருந்து கணக்குப் போட்டு ஒரு தேதியைக் கண்டுபிடித்தேன். அப்பா முதுகில் தட்டினார். எனக்கு இந்தப் பழக்கம் தொடங்கியது அங்கேதான். அந்தத் தேதியை இங்கே எழுதப் போவதில்லை. அது என்னுடைய கணக்கு. அவருக்கு அது மாம்பழக் காலம்.

அதன் பிறகு புதன்கிழமைகளில் லோண்டரியில் கதை இல்லை. தோய்க்கிற நேரம் ஒரு தடவை, காய்கிற நேரம் ஒரு தடவை, அந்த இரண்டு பக்கத்தையும் மாமா பார்க்காமல் சொல்ல வேண்டும். தாள் என் மடியில். கையில் சிவப்புப் பேனை.

"மில்லடிக்குப் போனபோது காலை ஒன்பது மணி இருக்கும்..."

"பிழை. 'காலை ஒன்பது மணி'. 'இருக்கும்' இல்லை."

"ஓம். காலை ஒன்பது மணி. மில்காரன் வெளியிலை..."

"மில்காரன் இல்லை மாமா. மில்காரனை அப்பா வெட்டிப்போட்டார்."

நல்ல கண்டிப்பான ரீச்சராக இருந்தேன். பிழையில்லாமல் சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் தாளின் பின்பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினேன். பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்து எடுத்து வந்தவை. முதலில் அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை, எத்தனை சேர்ந்திருக்கிறது என்று கேட்பார். நாயிடம் வரும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தடக்கும். 'அது யாருடைய' என்று சொல்லிவிட்டு நிற்பார். நான் காத்திருப்பேன். சித்திரை நடுவில் அந்தத் தடக்கலும் போய்விட்டது.

ஒருநாள் எல்லாம் பிழையில்லாமல் முடிந்து, காய்கிற மெஷினில் இன்னும் நேரம் இருந்தது. வெளியே வெயில். அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மருமோள், அந்த ரெண்டாவது குளம் சொன்ன கதை ஒண்டு இருக்கு, சொல்லட்டோ?" என்றார். "மீன் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்த குளம்."

"இன்னொருக்கால் இதைச் சொல்லுங்கோ. பிறகு அது."

அவர் இன்னொருக்கால் சொன்னார். மெஷின் நின்றது. உடுப்பை மடித்தோம். நான் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். அதற்குப் பிறகு அவராக ஒரு கதையும் சொல்ல வரவில்லை. அந்தக் குளம் என்ன சொன்னது என்று நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சில நாள் எனக்கு நானே சொல்லியும் பார்த்தேன். வருவதில்லை.

இரண்டாவது நேர்காணல் வைகாசித் தொடக்கத்தில். இரண்டு மணி நேரம். ஒரு சொல்லும் மாறவில்லை. மூன்று கிழமையில் கடிதம் வந்தது, தங்கலாம் என்று. அம்மா அழுதார். அப்பா கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனார். திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்றரைப் பக்கமும் இரண்டு பக்கமும் அவரைக் காப்பாற்றின என்பதை நான் மறக்கவில்லை. அப்பா செய்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் விருந்து. வந்திருந்த பிள்ளைகள் முன்னறையில் சத்தம் போட, அம்மாதான், "தம்பி, இதுகளுக்கு ஒரு கதை சொல்லு, கொஞ்சம் அடங்கட்டும்" என்றார். பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். மாமா கைகளை முழங்காலில் வைத்து நிமிர்ந்து இருந்து, கொக்கும் நண்டும் சொன்னார். ஒரு குளம் இருந்தது. அதில் மீன்கள் இருந்தன. முதலாம் நாள் கொக்கு ஒரு மீனைக் கொண்டுபோனது. இரண்டாம் நாள் இன்னொரு மீனைக் கொண்டுபோனது. பாறை குளத்தில் இருந்து ஒரு மைல் தூரம். ஆறாம் நாள் நண்டு. முடிந்தது.

ஒரு சின்னப் பெடியன், "கொக்குக்கு நொந்ததோ, மாமா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

கதவடியில் நின்று கேட்ட அப்பா, அம்மாவிடம் திரும்பிச் சொன்னார்: "பாத்தீரோ, இப்ப ஒழுங்காக் கதைக்கப் பழகியிட்டான்."

அந்தக் கோடையிலேயே மாமா வேலை கிடைத்துப் போய்விட்டார். பெட்ரோல் நிலையம், பிறகு மிச்சம் பகுதியில் ஒரு கடையில் பங்கு, பிறகு செவன் கிங்ஸில் சொந்தக் கடை, சொந்த வீடு, கலியாணம், ஒரு மகள். நல்ல மனிதர், அமைதியானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்குள் மனக்கசப்பு எதுவும் இல்லை. தைப்பொங்கலுக்குப் போவேன். படிப்பைக் கேட்பார், பிறகு வேலையைக் கேட்டார், பிறகு பிள்ளைகளைக் கேட்டார். நாங்கள் வீட்டில் மெஷின் வாங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

போன ஐப்பசியில் அவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கொடுக்கிற நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய மகள் என்னை அழைத்திருந்தாள். குடும்பத்தில் யார் எந்த ஆண்டு எங்கே பிறந்தார் என்று கேட்க வேண்டுமானால் என்னிடம்தான் வருவார்கள். அவளுக்கு வயது முப்பது. இங்கே பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தடுமாறுவாள். செவன் கிங்ஸ் வீட்டு மேசையில் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள்.

"அப்பாவின்ரை லைஃப் ஸ்டோரி நானே டைப் பண்ணினனான், மச்சாள். நீங்கள் தேதியளை மட்டும் செக் பண்ணுங்கோ."

"உனக்கு எப்பிடித் தெரியும் எல்லாம்?"

"அப்பாதான் சொன்னவர். அவர் எனக்கு வேற ஸ்டோரி ஒண்டும் சொல்லேல்லை. நான் சின்னனிலை கதை சொல்லுங்கோ எண்டு கேட்டால் இதைத்தான் சொல்லுவார். எப்பவும் சேம். எனக்கு இப்பவும் பாடம்."

மடிக்கணினியைத் திறக்காமலே அவள் சொல்லத் தொடங்கினாள். ஆங்கிலம் கலந்த அவளுடைய பேச்சு நின்று, நல்ல எழுத்துத் தமிழ் வந்தது. அப்பாவின் வசனங்கள். நடு நடுவே என்னுடைய பதினொரு வயதுத் திருத்தங்கள். காலை ஒன்பது மணி. நான் கண்டுபிடித்த தேதி. ஒரு மண்ணிற நாய் அங்கு நின்றது, அது யாருடைய நாயும் அல்ல. ஓரிடத்திலும் தடக்கவில்லை. சொல்லி முடித்து என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"கரெக்டோ, மச்சாள்? ஏதும் விடுபட்டிருக்கோ? அச்சடிச்சால் பிறகு மாத்த ஏலாது."

வாய் திறந்தேன். நான் சொல்லக்கூடியது என்ன? உன் அப்பா ஒருநாள் ஒரு நாயை உதைத்தார் என்றா? அவரை இழந்து இருபத்திரண்டாம் நாள் அது. அவளுக்கு அவரிடம் இருந்து கிடைத்த ஒரே கதை இது. அவர் பங்கை அவர் சொல்லாமல் விட்டுப் போயிருக்கிறார், அதை நான் சொல்வதா என்றும் நினைத்தேன். இப்படி எழுதும்போது நியாயங்கள் வரிசையாக வருகின்றன. அந்த மேசையில் எனக்கு ஒன்றும் வரவில்லை.

"இல்லைப் பிள்ளை. ஒண்டும் விடுபடேல்லை. எல்லாம் சரி."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மடிக்கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, அச்சகத்துக்கு அனுப்பினாள்.